401(கே)-யில் செலுத்திய பணத்திற்கு வரிக் கிரெடிட் கிடைக்குமா? படிவம் 8880 குறித்த ஐயங்கள்

இர்விங்_வாசி | 2026 பிப்ரவரி 7

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் டாலஸுக்கு அருகே வசிக்கிறோம். நான் ஒரு கிடங்கில் மணிக்கூலிக்கு முழுநேரம் வேலை செய்கிறேன். என் மனைவி ஒரு பள்ளி மாவட்டத்தின் உணவுக்கூடத்தில் பணிபுரிகிறார். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வரிக்கணக்குத் தாக்கல் செய்வது வழக்கம்.

2025-ஆம் ஆண்டுக்கான இரண்டு டபிள்யூ-2 படிவங்களும் (வேலை கொடுப்பவர் தரும் ஆண்டு ஊதியச் சான்று) கைக்கு வந்துவிட்டன. இரண்டிலும் முதல் கட்டத்தில் உள்ள ஊதியத்தைக் கூட்டினால் 49,650 டாலர் வருகிறது. வங்கி வட்டி 150 டாலர். வேறு வருமானம் இல்லை. என் படிவத்தில் 12-ஆம் கட்டத்தில் ‘டி’ என்ற குறியீட்டுக்கு எதிரே 2,600 டாலர் என்று இருக்கிறது. அது வேலையிடத்து ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டமான 401(கே)-க்குப் பிடித்த தொகை. மனைவியின் சம்பளத்தில் டெக்சாஸ் ஆசிரியர் ஓய்வூதிய அமைப்பான டிஆர்எஸ்-க்கு 1,320 டாலர் பிடித்து, அதை 14-ஆம் கட்டத்தில் காட்டியிருக்கிறார்கள்.

ஓய்வுக்காலத் திட்டத்தில் போட்ட பணத்தில் பாதியை அரசாங்கமே வரியில் கழித்துக்கொள்ளும் என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் கூறினார். சென்ற ஆண்டு நாங்கள் கட்டணம் கொடுத்துத் தாக்கல் செய்த இடத்தில் இதைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படி ஒரு சலுகை உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால், எங்கள் இருவருடைய 3,920 டாலருக்கும் பாதி கிடைக்குமா?

---

கணக்குப்பிள்ளை | 2026 பிப்ரவரி 7

வணக்கம் ஐயா. நான் சில ஆண்டுகளாக அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் நடத்தும் ‘விட்டா’ இலவச வரி உதவித் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். தகுதி இருந்தும் பலர் கேட்காமலே விட்டுவிடும் சலுகைகளில் இதுவும் ஒன்று.

பேச்சு வழக்கில் இதற்கு சேவர்ஸ் கிரெடிட் என்று பெயர். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தற்காலிகமாக வந்து, 2006-இல் நிரந்தரமானது. படிவம் 8880-இல் கணக்கிட்டு, அதில் வரும் தொகையை வரிப்படிவம் 1040-இன் மூன்றாம் அட்டவணையின் நான்காம் வரியில் எழுத வேண்டும். 401(கே) பணம் ஏற்கெனவே முதல் கட்டத்து ஊதியத்திலிருந்து கழிக்கப்பட்டுவிட்டதே, மறுபடியும் எப்படிக் கேட்பது என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. வருமானத்தில் கழிவது ஒரு சலுகை, வரியில் கழிவது இன்னொரு சலுகை, இரண்டையும் ஒரே பணத்திற்குப் பெறலாம் என்பதே சட்டம்.

பாதி என்று உங்கள் நண்பர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. விகிதம் 50, 20, 10 சதவீதம் என்று படிப்படியாக இறங்குகிறது. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை உங்கள் ஏஜிஐ, அதாவது சரிக்கட்டிய மொத்த வருமானம், முடிவு செய்கிறது. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2025-இல் 47,500 டாலர் வரை 50 சதவீதம், 51,000 வரை 20 சதவீதம், 79,000 வரை 10 சதவீதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. தனியாகத் தாக்கல் செய்பவருக்கு இவற்றில் சரிபாதி: 23,750, 25,500, 39,500. குடும்பத் தலைவர் என்ற நிலையில் தாக்கல் செய்பவருக்கு 35,625, 38,250, 59,250. ஒருவருக்கு எவ்வளவு போட்டிருந்தாலும் 2,000 டாலர் மட்டுமே கணக்கில் வரும். நிறுவனம் தன் பங்காகச் சேர்க்கும் பணம் வராது.

உங்கள் ஏஜிஐ 49,800. ஆகவே 20 சதவீதம். உங்கள் 2,600 டாலரில் 2,000-க்கு 400 டாலர் கிடைக்கும்.

மனைவியின் டிஆர்எஸ் பணத்தைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன், அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்பதையும் கூறுங்கள்.

---

மீனாட்சி_ஒஹாயோ | 2026 பிப்ரவரி 8

டிஆர்எஸ் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வருகிறது.

டெக்சாஸ் பள்ளி ஊழியர் ஒருவர் டிஆர்எஸ்-க்குச் செலுத்தும் 8.25 சதவீதம் அவர் விரும்பிச் செலுத்துவது அன்று. வேலையில் சேர்ந்தால் பிடித்தே தீருவார்கள். வரிச் சட்டத்தின் 414(எச்) பிரிவு இத்தகைய பிடித்தத்தை நிறுவனமே செலுத்திய பணமாகக் கருதுகிறது. தொழிலாளி தானாக முன்வந்து ஒதுக்கிய பணத்திற்குத்தான் சேவர்ஸ் கிரெடிட் என்பதால், அந்த 1,320 டாலரைப் படிவம் 8880-இல் எழுதக் கூடாது. கையிலிருந்து போன பணம் கணக்கில் வராது என்பது நியாயமாகப் படவில்லை. ஆயினும் படிவத்தின் விளக்கக் குறிப்பிலேயே இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒஹாயோ உட்படப் பல மாநிலங்களின் அரசு ஊழியர் ஓய்வூதியங்களிலும் இதே நிலைதான்.

அவரே விரும்பி 403(பி) அல்லது 457(பி) என்ற ஓய்வுச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் கதை வேறு. அவை 14-ஆம் கட்டத்தில் வராமல் 12-ஆம் கட்டத்தில் வரும்: 403(பி)-க்கு ‘ஈ’, அரசு 457(பி)-க்கு ‘ஜி’. வரி கட்டிய பிறகு பணம் போடும் ராத் வகை 401(கே) என்றால் ‘ஏஏ’, ராத் 403(பி) என்றால் ‘பிபி’, சிறு நிறுவனங்களின் சிம்பிள் திட்டம் என்றால் ‘எஸ்’. இவை எல்லாம் தகுதி உடையவை. ‘டபிள்யூ’ என்பது மருத்துவச் சேமிப்புக் கணக்கு, ‘டிடி’ என்பது மருத்துவக் காப்பீட்டின் செலவு, இரண்டும் தகுதியற்றவை. 13-ஆம் கட்டத்தில் ஓய்வுத் திட்டம் என்ற இடத்தில் குறி இருப்பதை வைத்துக்கொண்டு சிலர் வாதாடுகிறார்கள். வேலையிடத்தில் ஒரு திட்டத்தின் கீழ் இருக்கிறார் என்பதைத் தவிர அந்தக் குறி வேறெதையும் சொல்லவில்லை.

---

இர்விங்_வாசி | 2026 பிப்ரவரி 8

இருவருக்கும் மிக்க நன்றி. மனைவி 403(பி) எதுவும் எடுக்கவில்லை. எங்களுக்கு ஒரு மகள், வயது 14. 50 சதவீதப் படிக்கும் எங்களுக்கும் இடையே 2,300 டாலர்தான் இருக்கிறது என்பதைப் பார்த்ததும் மனம் அடித்துக்கொள்கிறது. ஆண்டு முடிந்துவிட்டதால் இனி எதுவும் செய்ய இயலாது அல்லவா?

---

கணக்குப்பிள்ளை | 2026 பிப்ரவரி 8

செய்ய இயலும். 401(கே)-யின் கதவு டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடிவிட்டது. ஆனால் நாமே தொடங்கும் தனிநபர் ஓய்வுக் கணக்கான மரபு ஐஆர்ஏ-வில் 2025-ஆம் ஆண்டுக்கென்று 2026 ஏப்ரல் 15 வரை பணம் போடலாம். தாக்கல் செய்ய நீட்டிப்புக் கேட்டாலும் இந்தத் தேதி நீளாது.

மரபு ஐஆர்ஏ-வில் போடும் பணம் ஏஜிஐ-யிலிருந்து கழிகிறது. நீங்கள் இருவரும் வேலையிடத்துத் திட்டத்தின் கீழ் வருகிறவர்கள் என்பதால் முழுக்கழிவு கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு 2025-இல் 126,000 டாலர் வருமானத்திற்கு மேல்தான் அந்தக் கட்டுப்பாடு தொடங்குகிறது. கணக்கை மனைவியின் பெயரில் தொடங்குங்கள். உங்கள் பெயரில் 2,000 வரம்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அவருடையதோ காலியாக இருக்கிறது.

மகள் இருப்பதால் கணக்கு எளிதாக இருக்காது. பொறுமையாகப் படியுங்கள். பிடித்தம் செய்த வரியையும் ஈஐடிசி எனப்படும் உழைப்பு வருமானக் கிரெடிட்டையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்ப்போம்.

ஐஆர்ஏ எதுவும் போடாவிட்டால், 49,800-இல், வரி கணக்கிடும் முன் நிலையாகக் கழிக்கும் தொகையான நிலைக்கழிவு 31,500 போக 18,300 மிஞ்சும். வரி அட்டவணைப்படி வரி 1,833. சேவர்ஸ் கிரெடிட் 400 போக 1,433. மகளுக்கான குழந்தைக் கிரெடிட் 2,200-இல் 1,433 வரியைத் தின்றுவிடும். எஞ்சிய 767 டாலர் கையில் திரும்பும்.

மனைவியின் ஐஆர்ஏ-வில் சரியாக 2,000 போட்டால், ஏஜிஐ 47,800 ஆகும். இன்னும் 20 சதவீதப் படிதான். ஆனால் இப்போது இருவருக்கும் சேர்த்து 4,000-க்கு 800 டாலர். வரி 1,633, 800 போனால் 833, குழந்தைக் கிரெடிட்டில் எஞ்சி வருவது 1,367.

2,300 போட்டால், ஏஜிஐ 47,500. விகிதம் 50 சதவீதத்திற்கு ஏறுகிறது. 4,000-க்குப் பாதி 2,000 டாலர். வரியோ 1,603 மட்டுமே. இந்தக் கிரெடிட் வரியை சுழியமாக்கும். அதற்குக் கீழே இறங்கிப் பணமாகத் திரும்பாது. எஞ்சும் 397 டாலரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வரியே இல்லாததால் குழந்தைக் கிரெடிட் 2,200-உம் அப்படியே நிற்கும். அதில் பணமாகத் திரும்பத் தக்கது குழந்தைக்கு 1,700 வரைதான். ஆகவே கையில் வருவது 1,700.

ஒன்றும் போடாததற்கும் 2,300 போடுவதற்கும் இடையே கையில் வரும் வித்தியாசம் 933 டாலர். போட்ட 2,300-உம் உங்கள் மனைவியின் பெயரிலேயே இருக்கும். 2,000-க்கு மேல் போடும் கடைசி 300 டாலர் மட்டும் 333 டாலரைத் தருகிறது என்பதைக் கவனியுங்கள். படியின் விளிம்பில் நிற்பவர்களுக்குத்தான் இப்படி அமையும்.

---

நிதானம் | 2026 பிப்ரவரி 9

கணக்கில் பிழை காணவில்லை. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. ஆண்டுக்கு 50,000 டாலரில் மூன்று பேர் வாழும் குடும்பத்தில் 2,300 டாலரை எடுத்து ஓய்வுக் கணக்கில் பூட்டுவது சிறிய முடிவு இல்லை. கார் பழுதாகும், வாடகை ஏறும். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு, விதிவிலக்கு எதுவும் பொருந்தாத பட்சத்தில், 10 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு. அவசரத் தேவைக்கென்று தனியாகப் பணம் இல்லாதவர்களிடம் ‘333 டாலர் சும்மா வருகிறது’ என்று சொல்வது பொறுப்பாகாது என்பது என் எண்ணம்.

---

மீனாட்சி_ஒஹாயோ | 2026 பிப்ரவரி 9

நிதானம் அவர்கள் கூறுவது சரியே. அதில் இன்னும் ஒரு சிக்கலும் இருக்கிறது.

படிவம் 8880-இன் நான்காம் வரியை யாரும் கவனிப்பதில்லை. 2025-க்கான படிவத்தில் அந்த வரி, 2022 முடிந்த பிறகு, இந்த ஆண்டுத் தாக்கலுக்கான கடைசித் தேதி வரை, ஓய்வுக் கணக்குகளிலிருந்து எடுத்த பணம் எவ்வளவு என்று கேட்கிறது. நீட்டிப்பு வாங்கினால் அந்த நீட்டித்த தேதி வரை. அந்தத் தொகை நீங்கள் போட்ட பணத்திலிருந்து கழியும். 2023-இல் வேலை மாறும்போது பழைய 401(கே)-யிலிருந்து 3,000 டாலரைக் கையில் வாங்கிக்கொண்டவருக்கு 2025-இல் 2,600 போட்டிருந்தாலும் கிரெடிட் சுழியம்தான்.

இதைவிடக் கடுமையானது, தம்பதி சேர்ந்து தாக்கல் செய்யும்போது இருவர் எடுத்த பணத்தையும் இருவருடைய பத்தியிலும் எழுத வேண்டும் என்பது. கணவர் எடுத்த பணம் மனைவியின் தகுதியையும் அடித்துவிடும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு முறைப்படி மாற்றிய பணமும், 401(கே)-யிலிருந்து வாங்கி ஒழுங்காகத் திருப்பிச் செலுத்திவரும் கடனும் இதில் சேரா. ராத் ஐஆர்ஏ-வில் போட்ட அசலை வரியில்லாமல் எடுக்கலாம் என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. வரி இல்லை என்பது மெய்தான், ஆனாலும் அது இந்த நான்காம் வரியில் வந்து நிற்கும்.

ஆகவே போட்டுவிட்டு அடுத்த ஆண்டே எடுப்பதாக இருந்தால் போடாமலே இருக்கலாம். இர்விங் ஐயா, நீங்கள் இருவரும் அண்மை ஆண்டுகளில் எதையாவது எடுத்ததுண்டா?

---

இர்விங்_வாசி | 2026 பிப்ரவரி 9

இல்லை அம்மா. இதுவரை எதையும் எடுக்கவில்லை. கையிருப்பாக மூன்று மாதச் செலவுக்குரிய பணம் தனியே இருக்கிறது. ஐஆர்ஏ-வில் போட்டால் ஈஐடிசி குறைந்துவிடுமோ என்று மட்டும் அஞ்சுகிறோம்.

---

கணக்குப்பிள்ளை | 2026 பிப்ரவரி 10

குறையாது. உழைப்பால் வந்த வருமானத்தை வைத்து ஒரு முறையும் ஏஜிஐ-யை வைத்து ஒரு முறையும் பார்த்து, எது குறைவாக வருகிறதோ அதையே ஈஐடிசியாகத் தருவார்கள். ஐஆர்ஏ உங்கள் உழைப்பு வருமானத்தைத் தொடுவதில்லை. ஆகவே அது ஏறக்குறைய அப்படியே இருக்கும். 401(கே)-யின் தன்மை வேறு. அது முதல் கட்டத்து ஊதியத்தையே குறைப்பதால், உங்கள் வருமான மட்டத்தில் ஈஐடிசியைக் கூட்டிக் கொடுக்கும். இந்த ஆண்டு முழுவதும் உங்கள் 401(கே) விகிதத்தைச் சற்று உயர்த்தினால், அடுத்த ஏப்ரலில் ஐஆர்ஏ-வைத் தேடி ஓட வேண்டியிராது. ராத் 401(கே)-க்கு மாறிவிடாதீர்கள். ராத் பணத்திற்கும் இந்தக் கிரெடிட் உண்டு, ஆனால் அது ஏஜிஐ-யைக் குறைக்காது. விளிம்பில் நிற்கும் உங்களுக்கு அந்தக் குறைவுதான் தேவை.

சென்ற ஆண்டுக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். 2024-இல் தம்பதிக்கான படிகள் 46,000, 50,000, 76,500. விடுபட்டிருந்தால் 1040-எக்ஸ் படிவத்தோடு 8880-ஐ இணைத்துத் திருத்தம் அனுப்பலாம். முதல் தாக்கலிலிருந்து மூன்று ஆண்டு வரை பொதுவாக அவகாசம் உண்டு.

---

புதுவரவு_சியாட்டில் | 2026 பிப்ரவரி 11

இந்த இழையிலேயே என் கேள்வியையும் வைக்கலாமா? நான் 2025 செப்டம்பர் நடுவில் சென்னையிலிருந்து எச்-1பி விசாவில் வந்தேன். மனைவி இன்னும் சென்னையில் இருக்கிறார். நான்கு மாதங்கூட நிரம்பாத ஊதியம் என்பதால் முதல் கட்டத்தில் 27,400 டாலர்தான். 401(கே)-யில் 1,500 டாலர் தானாகவே பிடித்திருக்கிறார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு உரிய சலுகையை என்னைப் போன்றவர் கேட்கலாமா? இந்தியாவில் ஆகஸ்ட் வரை செலுத்திய பிஎஃப் பணமும் இதில் சேருமா?

---

கணக்குப்பிள்ளை | 2026 பிப்ரவரி 11

கேட்கலாம் தம்பி. சட்டம் உங்கள் ஆண்டுச் சம்பளத்தைக் கேட்கவில்லை, படிவத்தில் வரும் ஏஜிஐ-யைத்தான் கேட்கிறது. செப்டம்பர் நடுவில் வந்தவர், எத்தனை நாள் இங்கே இருந்தார் என்று பார்க்கும் இருப்புக்கால விதியின்படி 2025-க்கு வெளிநாட்டவராகவே கருதப்படுவார். தாக்கல் செய்ய வேண்டியது வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர். அந்தப் படிவத்திலும் 8880-ஐ இணைக்க இடம் உண்டு. திருமணமானவர் தனித்துத் தாக்கல் செய்பவர் என்ற நிலையில் உங்களுக்கு உரிய உச்சவரம்பு 39,500. 27,400 டாலருக்கு 10 சதவீதப் படி. 1,500-க்கு 150 டாலர். 1040-என்ஆர்-இல் உங்களுக்கு நிலைக்கழிவு இல்லாததால் வரி தாராளமாகவே இருக்கும். கிரெடிட் வீணாகும் பேச்சுக்கு இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் ஏஜிஐ 23,750-க்குள் இருந்து 2,000 டாலர் போட்டிருந்தால் உங்களுக்கு முழு 1,000 டாலரும் கிடைத்திருக்கும். ஆண்டு முழுவதும் இங்கேயே உழைத்து அதே வருமானம் ஈட்டும் தனிநபருக்கு அது கிடைக்காது. நிலைக்கழிவு 15,750 போனால் அவருக்கு மிஞ்சுவது 8,000, அதற்கு வரி 800-ஐ ஒட்டித்தான் வரும், கிரெடிட்டும் அங்கேயே நின்றுவிடும். 50 சதவீதம் என்று எழுதிவைத்துவிட்டு, அந்தப் படியில் நிற்கும் எளியவருக்கு அதை முழுதாகக் கொடுக்காத அமைப்பு இது.

பிஎஃப் சேராது. அமெரிக்கச் சட்டம் பெயர் குறித்துச் சொல்லும் திட்டங்களுக்கு மட்டுமே இந்தக் கிரெடிட்.

சிலர் உங்களிடம் முதலாண்டுத் தெரிவு செய்து, மனைவியோடு சேர்ந்து முழு ஆண்டும் இங்கு வசித்தவராகத் தாக்கல் செய்யச் சொல்வார்கள். 2026-இல் இருப்புக்கால விதி நிறைவேறும் வரை அதற்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே நீட்டிப்புத் தேவைப்படும். நிலைக்கழிவு 31,500 கிடைக்கும் என்பது பெரிய ஆதாயம். ஆனால் உங்கள் இருவரின் இந்திய வருமானமும் கணக்கில் ஏறும். அதை வெளிநாட்டு உழைப்பு வருமானமாக விலக்கிக்கொண்டாலும், 8880-இல் மீண்டும் கூட்டித்தான் 79,000 வரம்போடு ஒப்பிட வேண்டும். இரண்டு வழியிலும் முழுக்கணக்கையும் போட்டுப் பாருங்கள். வெறும் 150 டாலருக்காக வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

---

ஓபிடி_மாணவன் | 2026 பிப்ரவரி 12

நான் 2025 மே மாதம் முதுநிலைப் பட்டம் முடித்து, ஆகஸ்ட் முதல் ஓபிடியில், அதாவது படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில், வேலை பார்க்கிறேன். முழுநேர மாணவருக்கு இந்தக் கிரெடிட் இல்லை என்று படித்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு மாணவன் அல்லன் என்பதால் எனக்கும் தகுதி உண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

மீனாட்சி_ஒஹாயோ | 2026 பிப்ரவரி 12

இல்லை தம்பி. ஆண்டின் ஏதேனும் ஐந்து மாதங்களில், ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு பகுதியிலாவது முழுநேர மாணவராகப் பதிந்திருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் தகுதி போய்விடும். ஜனவரி முதல் மே வரை எண்ணினால் சரியாக ஐந்து. டிசம்பரில் முடிப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு இந்தத் தடை இல்லை. உங்களுக்கு 2026-இல் தகுதி வரலாம். ஆனால் முழு ஆண்டுச் சம்பளமும் சேர்ந்தால் அப்போது தனிநபர் வரம்பான 40,250 டாலரைத் தாண்டிவிடுவீர்கள். வரி மென்பொருளில் ‘முழுநேர மாணவரா’ என்ற கேள்வி வரும்போது, இன்றைய நிலையை மனத்தில் வைத்து ‘இல்லை’ என்று அழுத்திவிடாதீர்கள்.

---

நிதானம் | 2026 பிப்ரவரி 13

2027 முதல் இந்தக் கிரெடிட்டே இருக்காது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் இவ்வளவு திட்டமிடுவதில் பொருள் உண்டா?

---

கணக்குப்பிள்ளை | 2026 பிப்ரவரி 13

பாதி உண்மை. 2022-இல் நிறைவேறிய செக்யூர் 2.0 சட்டத்தின்படி, 2027-ஆம் வரி ஆண்டிலிருந்து வேலையிடத் திட்டங்களுக்கும் ஐஆர்ஏ-வுக்கும் உரிய இந்தக் கிரெடிட் போய், அதன் இடத்தில் சேவர்ஸ் மேட்ச் வருகிறது. நீங்கள் போடும் 2,000 டாலர் வரையிலான தொகைக்கு அரசு 50 சதவீதம் வரை ஈடுசேர்க்கும். பெரிய மாற்றம் என்னவென்றால், செலுத்த வேண்டிய வரி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்குகிறது. பணம் கையில் வராமல் ஓய்வுக் கணக்கிலேயே சேரும். 100 டாலருக்குக் குறைவான தொகையை மட்டும் வரிக் கிரெடிட்டாகவே வாங்கிக்கொள்ளலாம்.

விகிதமும் படியாக இறங்காது, சரிவாகக் குறையும். தம்பதிக்கு 41,000-இல் குறையத் தொடங்கி 71,000-இல் முடியும். தனிநபருக்கு 20,500 முதல் 35,500 வரை. இர்விங் ஐயாவின் ஏஜிஐ அப்போதும் 47,500 என்று வைத்தால் விகிதம் ஏறக்குறைய 39 சதவீதம். இருவரும் 2,000 போட்டால் 1,560 டாலரை ஒட்டி வரும். இன்று அவர் இழக்கும் 397 டாலர் போன்ற இழப்பு அதில் இல்லை. மறுபுறம், வரம்பு 79,000-இலிருந்து 71,000-க்கு இறங்குவதால் 10 சதவீதப் படியில் இருக்கும் குடும்பங்கள் பல வெளியே தள்ளப்படும். இடையில் இருக்கும் 2026-ஆம் ஆண்டுக்குப் பழைய முறையே; தம்பதிக்கு உச்சவரம்பு 80,500.

நீங்கள் எச்சரித்த கருத்தோடு எனக்கு முரண் இல்லை. மூன்று மாதக் கையிருப்பு இருக்கிறது என்று அவர் கூறிய பிறகுதான் நானும் 2,300-ஐ வலியுறுத்துகிறேன். அது இல்லாத குடும்பத்திற்கு 400 டாலரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

---

இர்விங்_வாசி | 2026 பிப்ரவரி 14

இருவரும் அமர்ந்து பேசினோம். மனைவியின் பெயரில் ஐஆர்ஏ தொடங்கி 2,300 டாலரைப் போட முடிவு செய்திருக்கிறோம். 2024 தாக்கலையும் எடுத்துப் பார்த்தேன். ஏஜிஐ 48,900, 401(கே)-யில் 1,900. படிவம் 8880 இணைக்கப்படவில்லை.

---

கணக்குப்பிள்ளை | 2026 பிப்ரவரி 14

2024-க்கு 20 சதவீதப் படி; 380 டாலர் வர வேண்டும். உங்களுக்கு அந்த ஆண்டும் குழந்தைக் கிரெடிட் இருந்திருக்கும் என்பதால், அந்தத் தொகை பெரும்பாலும் திரும்பிவரும் பகுதியில் கூடும். திருத்தத்தில் குழந்தைக் கிரெடிட்டுக்கான 8812 அட்டவணையையும் மறுபடி கணக்கிட்டு இணைக்க வேண்டும். அருகிலுள்ள பொது நூலகத்தில் ‘விட்டா’ மையம் இருந்தால் இரண்டு ஆண்டுத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள், கட்டணம் கிடையாது.

ஐஆர்ஏ-வில் 2,300-க்குப் பதில் 2,350 போடுங்கள். எங்கேயோ மறந்துபோன ஒரு வங்கிக் கணக்கின் வட்டிச் சீட்டு மார்ச்சில் வந்து ஏஜிஐ 47,501 ஆனால், 50 சதவீதம் 20 ஆகிவிடும். கூடுதலாகப் போடும் 50 டாலரால் கையில் வரும் 1,700 குறையாது.

---

மீனாட்சி_ஒஹாயோ | 2026 பிப்ரவரி 14

பணம் அனுப்பும்போது எந்த ஆண்டுக்கு என்று கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் கேட்கும். ஏப்ரல் 15-க்கு முன் வரும் பணத்தைப் பல இடங்களில் தாமாகவே நடப்பு ஆண்டில் எழுதிவிடுகிறார்கள். 2025 என்று நீங்களே தேர்ந்தெடுத்து, உறுதிச்சீட்டில் அந்த ஆண்டு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.